ஈஸ்ட் தன் ஜோடியைத் தேடுவதைக் கண்ணால் பார்ப்பது எப்படி?

ரொட்டிக்காகக் கடையில் விற்கிற ஈஸ்ட் பாக்கெட்டைப் பிரித்து, ஒரு சிட்டிகையைச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் ஈஸ்ட் ஜோடி சேர்வதைப் பார்த்துவிடலாம் என்று நினைத்துத்தான் பலர் ஆரம்பிக்கிறார்கள். நாள் முழுக்கக் குனிந்து பார்த்தாலும் மொட்டு விடுவது மட்டும்தான் தெரியும். காரணம் எளிது. அந்தப் பாக்கெட்டில் இருப்பவை ஏற்கெனவே கல்யாணம் முடித்தவை. இரண்டு பெற்றோரின் குரோமோசோம்களையும் (சில ரகங்களில் அதற்கும் மேலே) சுமந்துகொண்டிருக்கும் செல்கள் ஜோடி தேடுவதில்லை, வாசனை விடுவதில்லை, யாராவது விட்டாலும் கண்டுகொள்வதில்லை.

நமக்கு வேண்டியது ஒற்றை மடங்கு குரோமோசோம் கொண்ட, இன்னும் தனியாக இருக்கிற ஈஸ்ட். அது கல்லூரி நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் கிடைக்கும், அல்லது வாங்கித் தருவார்கள். எம்.எஸ்ஸி. மாணவர்களுக்கு இந்தச் சோதனையைச் செய்து காட்டுவது என் வேலையில் ஒரு பகுதி. எங்கே சறுக்கும் என்பது ஓரளவு தெரியும் என்பதால், முதல் முறை செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி

சாக்கரோமைசெஸ் செரிவிசியே என்ற நம் வழக்கமான ஈஸ்ட்டில் ஆண், பெண் என்று கிடையாது. இரண்டு வகை உண்டு: ஏ, ஆல்ஃபா. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். வித்தியாசம் அவை வெளியே விடும் சேதியிலும், கேட்கும் சேதியிலும் இருக்கிறது. ஆல்ஃபா செல், 13 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு பெப்டைடை வெளியே விடும். அதன் பெயர் ஆல்ஃபா காரணி. ஏ செல் விடுவது 12 அமினோ அமிலங்கள் கொண்ட ஏ காரணி. அதன் வாலில் ஒரு கொழுப்புத் துண்டு ஒட்டியிருக்கும். ஏ செல்லின் மேற்பரப்பில் ஆல்ஃபா காரணியைப் பிடிக்கும் ஏற்பி உண்டு, ஆல்ஃபா செல்லில் ஏ காரணியைப் பிடிக்கும் ஏற்பி உண்டு. தன் சேதி தனக்கே கேட்காது.

ஈஸ்ட்டுக்குக் காலும் இல்லை, நீந்த வாலும் இல்லை. ஆகவே வாசனை வந்த திசையை நோக்கிப் போக முடியாது, வளரத்தான் முடியும். உருண்டையாக இருந்த செல் ஒரு பக்கம் மூக்கு நீட்டி பேரிக்காய் போல ஆகிவிடும். அதற்கு ஷ்மூ என்று பெயர். 1948-இல் அமெரிக்கச் செய்தித்தாள் படக்கதை ஒன்றில் வந்த, இதே உருவம் கொண்ட ஒரு கற்பனைப் பிராணியின் பெயர் அது. ஆராய்ச்சிக் கட்டுரைகளிலும் அப்படியே எழுதுகிறார்கள்.

எந்த ரகம் வாங்குவது?

யாரிடமாவது கேட்டு பிஒய்4741, பிஒய்4742 என்ற இரண்டு ரகங்களை வாங்கிக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க ஈஸ்ட் ஆய்வகங்களில் இருக்கும் ரகங்கள் இவை. 4741 என்பது ஏ வகை, அதற்கு மெத்தியோனைன் தயாரிக்கத் தெரியாது. 4742 என்பது ஆல்ஃபா வகை, அதற்கு லைசின் தயாரிக்கத் தெரியாது. (ஹிஸ்டிடின், லியூசின், யூராசில் மூன்றையும் இரண்டுமே தயாரிக்காது.) இந்தக் குறைகள்தான் பின்னால் நமக்குக் கைகொடுக்கும்.

மூன்றாவதாக, முடிந்தால் 4741-இலேயே பார்1 என்ற மரபணு நீக்கப்பட்ட ரகம் ஒன்றையும் கேளுங்கள். ஈஸ்ட் மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கி வைத்திருக்கும் தொகுப்பில் அது உண்டு. இது எதற்கு என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். அது கிடைத்தால் பாதித் தலைவலி போய்விடும்.

காட்டிலிருந்தோ கள்ளிலிருந்தோ நீங்களே பிரித்தெடுத்த ஈஸ்ட் இதற்குச் சரிப்படாது. இயற்கையில் வாழும் பல ஈஸ்ட்டுகள் ஒரு மொட்டு விட்டு முடித்ததும் தாய்ச்செல் தன் வகையை மாற்றிக்கொள்ளும். ஏ வகை ஆல்ஃபாவாகும், அப்புறம் தன் வீட்டுக்குள்ளேயே ஜோடி சேர்ந்துவிடும். ஆய்வக ரகங்களில் இந்த மாற்றத்தைச் செய்யும் மரபணு கெட்டுப்போயிருக்கிறது. அதனால்தான் அவை தலைமுறை தலைமுறையாக ஒரே வகையாக இருக்கின்றன.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. ரோமன் எழுத்தில் சிறிய ஏ-யையும் கிரேக்க ஆல்ஃபாவையும் மார்க்கர் பேனாவால் ஒரு சின்னக் குழாயின் மூடியில் எழுதிப் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒருமுறை ஆல்ஃபா செல்களை எடுத்து, அதன் மேலேயே ஆல்ஃபா காரணியை ஊற்றிவிட்டு, ஒரு ஷ்மூகூட வரவில்லையே என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மருந்து பழசாகிவிட்டது என்று புதிதாக ஆர்டர் போடும் வரை போய்விட்டது. அதன் பிறகு என் குழாய்களில் தமிழில்தான் எழுதுகிறேன்: ஏ, ஆ. குழப்பமே இல்லை.

முதல் சோதனை: வளையம்

மைக்ரோஸ்கோப் வேண்டாம், விலை கொடுத்து பெரோமோன் (ஜோடியை அழைக்கும் அந்தச் சேதிப் பொருள்) வாங்கவும் வேண்டாம். இதிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஊடகம் (ஈஸ்ட் வளர்வதற்கான உணவு) தயாரிக்க, லிட்டருக்கு 10 கிராம் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட், 20 கிராம் பெப்டோன், 20 கிராம் குளுக்கோஸ், 20 கிராம் அகார். குளுக்கோஸைத் தனியாக ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி) கடைசியில் சேர்த்தால் ஊடகம் கருகாது. பிளேட்டுகளை ஊற்றி ஒரு நாள் காய விடுங்கள். ஈரமான பிளேட்டில் எல்லாம் வழிந்து கலந்துவிடும்.

பார்1 நீக்கிய ஏ ரகத்தை முந்தைய நாள் மாலை திரவ ஊடகத்தில் போட்டு, 30 டிகிரியில் இரவு முழுக்கக் குலுக்கி வளர்த்துக்கொள்ளுங்கள். காலையில் அதை 100 மடங்கு நீர்த்து, அதில் 100 மைக்ரோலிட்டரைப் பிளேட்டில் சீராகப் பரப்புங்கள். மேற்பரப்பு உலர்ந்ததும், குச்சியின் நுனியால் ஆல்ஃபா ரகத்தின் காலனியை (பிளேட்டில் செல்கள் திரண்டு வளர்ந்த புள்ளியை) தொட்டு, பிளேட்டின் ஓரிடத்தில் ஒரு பொட்டு வையுங்கள். எதிர்ப்புறம் ஏ ரகத்தால் ஒரு பொட்டு. மூன்றாவதாக அந்த ரொட்டி ஈஸ்ட்டாலும் ஒரு பொட்டு வைக்கலாம். பிளேட்டைக் கவிழ்த்து 30 டிகிரியில் வையுங்கள்.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிளேட் முழுக்கப் பால் தெளித்ததுபோல ஏ செல்கள் வளர்ந்திருக்கும். ஆல்ஃபா பொட்டைச் சுற்றி மட்டும், நிலவைச் சுற்றி ஊர்கோள் கட்டியது போல ஒரு வெறுமையான வளையம். மற்ற இரண்டு பொட்டுகளைச் சுற்றி ஒன்றும் இருக்காது.

அந்த வளையத்தில் செல்கள் செத்துப்போகவில்லை. இதைப் பார்த்ததும் "ஆன்டிபயாட்டிக் மாதிரியா?" என்று கேட்காத மாணவரை நான் பார்த்ததில்லை. இல்லை. ஆல்ஃபாவின் சேதி கேட்டதும் ஏ செல்கள் பெருகுவதை நிறுத்திவிட்டுக் காத்திருக்கின்றன. ஒரு செல் தன் டி.என்.ஏ.-வை இரட்டிக்க ஆரம்பித்துவிட்டால் அந்தச் சுற்றை முடிக்காமல் ஜோடி சேர முடியாது. இரண்டு செல்களும் இரட்டிப்புக்கு முந்தைய கட்டத்தில் நின்றால்தான் கணக்கு சரியாக வரும். ஆகவே பெரோமோனின் முதல் கட்டளை: நில். இரண்டாவது கட்டளைதான் வளர், இந்தப் பக்கமாக வளர்.

இப்படி ஒரு பொருள் ஊடகத்தில் பரவிச் செல்வதை 1970-இல் டன்ட்ஸ், மக்கே, மேனி மூவரும் வெளியிட்டார்கள். செல் சுழற்சியை ஆராய்ந்துகொண்டிருந்த லீலண்ட் ஹார்ட்வெல்லுக்கு இது பெரிய வசதியாகிவிட்டது. தாறுமாறாகப் பெருகிக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கான செல்களை ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரே நேரத்தில் ஓட விடலாம் அல்லவா? செல் சுழற்சி ஆய்வுக்காக அவர் 2001-இல் நோபல் பரிசு பெற்றார்.

இரண்டாவது சோதனை: ஷ்மூ

இதற்குச் செயற்கையாகத் தயாரித்த ஆல்ஃபா காரணி வேண்டும். 13 அமினோ அமிலம் என்பதால் பெப்டைடு தயாரிக்கும் எந்த நிறுவனமும் செய்து கொடுக்கும். ஏ காரணியை யாரும் அவ்வளவாக வாங்குவதில்லை. அந்தக் கொழுப்பு வாலால் அது கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும், விலையும் அதிகம். அதனால்தான் புத்தகங்களில் பார்க்கும் ஷ்மூ படங்கள் அநேகமாக எல்லாமே ஏ செல்களின் படங்கள்.

1 மில்லிகிராமை 1 மில்லி டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து மைனஸ் 20-இல் வையுங்கள். பிளாஸ்டிக் குழாயில் வையுங்கள். கண்ணாடியில் பெப்டைடு ஒட்டி வீணாகும்.

இப்போது 4741 செல்களைப் புதிய திரவ ஊடகத்தில் போட்டு, 600 நானோமீட்டரில் ஒளி அடர்த்தி (வளர்ப்பு எவ்வளவு கலங்கலாக இருக்கிறது என்ற அளவு) 0.2 அல்லது 0.3 வரும் வரை வளர்த்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இரவு முழுக்க வளர்ந்து கெட்டியான வளர்ப்பில் பெரோமோனை ஊற்றினால் ஒன்றும் நடக்காது. பசியில் சுருண்டுவிட்ட செல்களுக்கு மூக்கு நீட்டத் தெம்பு இருக்காது. அதுவுமில்லாமல், செல் கூடக் கூட பார்1-உம் கூடும்.

சரி, அந்த பார்1 என்ன? ஏ செல்கள் ஆல்ஃபாவின் சேதியைக் கேட்பதோடு நிற்பதில்லை. பார்1 என்ற நொதியை வெளியே விட்டு அந்தச் சேதியை வெட்டி அழிக்கவும் செய்கின்றன. தனக்கு வந்த கடிதத்தைத் தானே கிழிப்பது போலத் தோன்றும். இந்த ஈஸ்ட் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கடைத்தெருவில் நாலாபுறமும் ஒலிபெருக்கி அலறும்போது எந்தக் கடையிலிருந்து சத்தம் வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால்தான் பக்கத்தில் இருப்பது எது என்று தெரியும். பார்1 செய்வது அதுதான். தேங்கிக் கிடக்கும் பெரோமோனைத் துடைத்துவிடுவதால், ஆல்ஃபா இருக்கும் பக்கம் அடர்த்தி கூடுதல், மறுபக்கம் குறைவு என்ற சரிவு கூர்மையாகிறது. ஜோடி கிடைக்காமல் போனால், சேதி அழிந்த பிறகு செல் பழையபடி பெருகப் போய்விடவும் முடிகிறது.

1990-இல் ஜாக்சனும் ஹார்ட்வெல்லும் காட்டியது இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது: ஈஸ்ட் கிடைத்தவரோடு சேர்வதில்லை. பெரோமோன் அதிகம் விடும் ஜோடியும் குறைவாக விடும் ஜோடியும் அருகருகே இருந்தால், அதிகம் விடுவதைத்தான் தேர்ந்தெடுக்கிறது. பெண் பார்க்கும் படலம் ஐந்து மைக்ரான் உயிரிலும் உண்டு.

நம் சோதனைக்கு இதன் பொருள், சாதாரண ஏ ரகத்துக்குப் பெரோமோனைத் தாராளமாக ஊற்ற வேண்டும் என்பதே. 5 மில்லி வளர்ப்புக்கு 25 முதல் 50 மைக்ரோலிட்டர், அதாவது மில்லிக்கு 5 முதல் 10 மைக்ரோகிராம். ஒன்றரை மணி நேரம் கழித்து இன்னொரு முறை கொஞ்சம் சேர்க்கலாம். ஊடகத்தைச் சற்று அமிலமாக்கினாலும் பார்1 மந்தமாகும். பார்1 நீக்கிய ரகம் கையில் இருந்தால் இதில் நூறில் ஒரு பங்கே போதும். அந்த ரகத்தைக் கேட்டு வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

பெரோமோன் ஊற்றாத இன்னொரு குழாயையும் கூடவே குலுக்குங்கள். அதில் பெப்டைடு இல்லாத டிஎம்எஸ்ஓ மட்டும் அதே அளவு.

அரை மணிக்கொரு தரம் 5 மைக்ரோலிட்டர் எடுத்து ஸ்லைடில் வைத்துப் பாருங்கள். 40 மடங்கு லென்ஸே போதும். முதல் அரை மணியில் வேறுபாடு தெரியாது. ஒரு மணி நேரத்தில் மொட்டு உள்ள செல்கள் குறைந்திருப்பதைக் கவனிக்கலாம். இருக்கிற மொட்டை முடித்துக்கொண்டு, புதிதாக எதுவும் ஆரம்பிக்காமல் நிற்கின்றன. ஒன்றரை மணி நேரத்தில் பெரும்பாலானவை தனித்தனி உருண்டைகள். இரண்டு மணி நேரத்துக்கு அருகில் உருண்டையின் ஒரு பக்கம் கூம்பத் தொடங்கும். கழுத்தில்லாமல், இடுக்கு இல்லாமல், உடம்பே நீண்டது போல இருந்தால் அது ஷ்மூ. அடியில் நறுக்கென்று இடுங்கி ஒட்டிய உருண்டையாக இருந்தால் அது வெறும் மொட்டு. புதியவர்கள் இந்த இரண்டையும்தான் மாற்றி எண்ணுகிறார்கள். முதல் தடவை 100 செல்களை எண்ணி, பெரோமோன் ஊற்றாத கட்டுப்பாட்டுக் குழாயிலும் எண்ணி ஒப்பிடுங்கள்.

செல்லுக்குள் என்ன நடக்கிறது?

சுருக்கமாகச் சொல்கிறேன், விரிவாகப் போனால் ஒரு பருவப் பாடமே ஆகிவிடும். ஏ செல்லின் ஏற்பிக்கு ஸ்டீ2 என்று பெயர். அது சவ்வை ஏழு முறை குறுக்கே கடக்கும் புரதம். நம் கண்ணில் ஒளியைப் பிடிக்கும் ஏற்பியும், அட்ரினலினைப் பிடிக்கும் ஏற்பியும் இதே வடிவம்தான். 2012-இல் லெஃப்கோவிட்ஸ், கோபில்கா இருவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது இந்த வகை ஏற்பிகளை ஆராய்ந்ததற்காக. பெப்டைடு வந்து உட்கார்ந்ததும் உள்ளே ஜி புரதம் என்ற, சேதியைக் கடத்தும் புரதம் பிரிகிறது, அப்புறம் ஒரு நொதி அடுத்த நொதியை எழுப்பும் தொடர். தொடரின் கடைசியில் ஃபார்1 என்ற புரதம் செல் சுழற்சியை நிறுத்துகிறது, மூக்கு எந்தப் பக்கம் நீள வேண்டும் என்பதையும் வழிநடத்துகிறது. ஒரே புரதம் இரண்டு வேலை. பெயர்களில் வரும் 'ஸ்டீ' என்பது மலடு என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். அந்த மரபணு கெட்டால் ஈஸ்ட்டுக்கு ஜோடி சேர முடியாது.

ஆல்ஃபா காரணி நேரடியாக 13 அமினோ அமிலமாகப் பிறப்பதில்லை. ஒரு நீளமான புரதமாக உருவாகி, கெக்ஸ்2 என்ற கத்திரியால் துண்டாகி வெளியே வருகிறது. மனிதச் செல்லில் இந்தக் கத்திரியின் உறவினர் ஃபியூரின். கொரோனா வைரஸின் கூர்முனைப் புரதத்தை வெட்டும் அதே ஃபியூரின்தான்.

மூன்றாவது சோதனை: கூட்டல் குறி

உண்மையான கலப்பு நடந்ததா என்பதற்கு இதுதான் சாட்சி. சாதாரணப் பிளேட்டில் ஏ ரகத்தை மேலிருந்து கீழாக ஒரு கோடு, ஆல்ஃபா ரகத்தை இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுங்கள். கோடுகள் சந்திக்கும் இடத்தில் குச்சியால் லேசாகக் கலந்துவிட்டு, 30 டிகிரியில் ஒரு நாள் வையுங்கள்.

பொறுமை இல்லாதவர்கள் நாலைந்து மணி நேரத்திலேயே சந்திப்பிலிருந்து ஒரு துளி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாம். இரண்டு ஷ்மூக்கள் மூக்கோடு மூக்கு ஒட்டி, நடுவில் இடுப்பு சிறுத்த ஓர் உருவம். பல சமயம் முதல் மொட்டு அந்த இடுப்பிலிருந்தே கிளம்பும். மூன்று இதழ் கொண்ட இலைபோலத் தெரியும். இதற்குள் இரண்டு செல்களின் உட்கருக்களும் ஒன்றாகியிருக்கும்.

மறுநாள், மெத்தியோனைனும் லைசினும் இல்லாத (ஹிஸ்டிடின், லியூசின், யூராசில் மூன்றும் உள்ள) குறைந்தபட்ச ஊடகப் பிளேட்டுக்கு இந்தக் கூட்டல் குறியை அப்படியே பதிக்க வேண்டும். ஆட்டோகிளேவ் செய்த வெல்வெட் துணியை ஒரு கட்டையின் மேல் இறுக்கி, பழைய பிளேட்டை அதில் மெல்ல அழுத்தி எடுத்து, அதே துணியில் புதிய பிளேட்டை அழுத்துங்கள். செல் அதிகம் ஒட்டிவிட்டால் பின்னணி கலங்கலாகும். அப்போது இன்னொரு புதுப் பிளேட்டுக்கு மறுபடி பதித்துக்கொள்ளுங்கள். வெல்வெட் இல்லையென்றால் ஒவ்வொரு இடத்திலிருந்தும் குச்சியால் தொட்டு வைத்தாலும் போதும்.

இரண்டு மூன்று நாளில் கூட்டல் குறியின் நாலு கைகளும் மறைந்து, நடுப்புள்ளி மட்டும் வெள்ளையாக வளர்ந்து நிற்கும். ஏ-க்கு லைசின் செய்யத் தெரியும், ஆல்ஃபாவுக்கு மெத்தியோனைன் செய்யத் தெரியும். ஒன்றாகிவிட்ட செல்லுக்கு இரண்டும் தெரியும். அந்த நடுப்புள்ளியை எடுத்து, முதல் சோதனையில் வைத்ததுபோல ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். வளையம் வராது. அதுவும் ரொட்டி ஈஸ்ட்டின் கட்சியில் சேர்ந்துவிட்டது.

மற்ற பூஞ்சைகள்

ஈஸ்ட் கைவந்த பிறகு அடுத்து எது என்று கேட்பவர்களுக்கு. ஆப்பிரிக்கத் தினை பீரில் கண்டெடுத்த பிளவு ஈஸ்ட்டிலும் இரண்டு பெப்டைடு பெரோமோன்கள்தான். ஆனால் அதற்கு நைட்ரஜன் பட்டினி போட்டால்தான் ஜோடி தேடும் எண்ணமே வரும். ஈரமான ரொட்டியில் வளரும் பூஞ்சையின் குடும்பத்தில் பெப்டைடே இல்லை. பீட்டா கரோட்டினிலிருந்து செய்யும் ட்ரைஸ்போரிக் அமிலம். இதில் சுவாரசியம், பிளஸ் வகையோ மைனஸ் வகையோ தனியாக அதை முழுதாகச் செய்ய முடியாது. ஒன்று பாதி சமைத்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்து, அது மீதியைச் சமைக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் இரண்டு வகைகள் இருப்பதை 1904-இலேயே பிளேக்ஸ்லீ கண்டுபிடித்துவிட்டார்.

காய்ந்த மரத்தில் விசிறி போல முளைக்கும் சிசோஃபில்லம் காளானில் வகைகள் இரண்டல்ல, 20,000-க்கும் மேல். அங்கே இழைகள் முதலில் இணைந்துவிடும். பெரோமோனும் ஏற்பியும் வேலை செய்வது அதற்குப் பிறகு, வந்த உட்கருவை வீட்டுக்குள் நடமாட விடலாமா என்று முடிவு செய்ய.

நம் ஊரில் கைக்கெட்டும் உதாரணம் கரும்பின் கரிப்பூட்டை நோய். கரும்பின் குருத்திலிருந்து சாட்டை போல ஒரு கருப்புத் தண்டு நீளுமே, அதை உண்டாக்கும் பூஞ்சை ஈஸ்ட் போலத் தனிச்செல்லாக வாழும்போது கரும்பை ஒன்றும் செய்ய முடியாது. எதிர் வகைச் செல்லைப் பெரோமோனால் கண்டுபிடித்து, இணைந்து, இழையாக மாறினால்தான் பயிருக்குள் நுழைய முடியும். பிளேட்டில் ஒரே வகையை வைத்தால் வழுவழுப்பான காலனி. இரண்டு வகைகளையும் கலந்து வைத்தால் ஓரிரு நாளில் மேலே வெள்ளைப் பஞ்சு பூத்தது போல இழைகள் எழும்பும். பார்ப்பதற்கு ஷ்மூவை விட எளிது. ஆனால் ஒன்று, இதைக் கரும்பு வயலுக்குப் பக்கத்தில் செய்யாதீர்கள். கருப்புத் தூளை உடையில் ஒட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போகாதீர்கள், முடிந்த பிளேட்டுகளை ஆட்டோகிளேவ் செய்யாமல் குப்பையில் போடாதீர்கள்.